கொள்ளைநோய்க் காலத்தில் ஸ்பெயின் கிராமத்தில் கேம்பர்வேனோடு: அப்பா அம்மாவை அனுப்பலாமா?

பிரிட்டனில் இருக்கும் ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 63. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேன் ஒன்றை வாங்கிக் குளிர்காலம் முழுவதும் ஸ்பெயினின் கிராமப்புறங்களில் சுற்றப்போவதாகச் சொல்கிறார்களாம். 2020-ல் வந்த கொரோனாபோல இன்னொரு நோய் வந்து வழியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், அப்போது அங்கே இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், தடுப்பதா விடுவதா என்பதுதான் கேள்வி.

விடுங்கள், போகட்டும். நானும் என் மனைவியும் 2020 மார்ச்சில் அங்கேதான் இருந்தோம். ஸ்பெயின் முழுக்க அடைபட்டுக் கிடந்த நாட்களில் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் மூன்று மாதத்துக்கு மேல் வண்டியிலேயே வாழ்ந்தோம். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் நீங்கள் நினைக்கிற இடம் இல்லை.

கேம்பர்வேன் என்றாலே சுதந்திரம் என்பார்கள். ஓடுகிறவரைக்கும் அது சரி. நின்ற பிறகு அது ஒரு சின்ன வீடு. எங்கள் வண்டி 6 மீட்டர் நீள ஃபியட் டுகாட்டோ, பழையதாக வாங்கியது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு அடியில் இழுத்தெடுத்துக் காலி செய்கிற 18 லிட்டர் பெட்டி. இரண்டு பேர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். அதற்குள் எங்கேயாவது ஒரு குழாய் வேண்டும், கழிவைக் கொட்ட முறையான இடம் வேண்டும். கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, டீசல் நிரம்ப இருக்கிறது என்பதெல்லாம் இதற்கு உதவாது. மூன்று நாளைக்கு ஒருமுறை யாராவது நமக்காக ஒரு கதவைத் திறந்துவிட வேண்டும். சாதாரண நாட்களில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாடே கதவைச் சாத்தும்போதுதான் தெரியும்.

2020 ஜனவரியில் போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் ஏறி சான்டாண்டரில் இறங்கினோம். அங்கிருந்து வல்லதோலித், சலமங்கா வழியாகத் தெற்கே எஸ்த்ரெமதூராவுக்கு. போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய மாநிலம் அது. பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள், 41,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் ஓக் மரங்களும் தக்கை மரங்களும் தள்ளித் தள்ளி நிற்கும். அடியில் புல். அந்தக் காட்டுமேய்ச்சலை தெஹேசா என்கிறார்கள். குளிர்காலத்தில் கறுப்புப் பன்றிகள் அங்கே ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். வடக்கே இருந்து கொக்கு இனத்துப் பெரிய பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். தேவாலயக் கோபுரம் ஒவ்வொன்றிலும் நாரைக்கூடு. கடற்கரை கூட்டமாக இருக்கிறது என்று உள்நாட்டுக்கு வருகிற வெளிநாட்டு ஓய்வூதியக்காரர்கள் பலர் குளிர்காலத்தில் இந்தப் பக்கம்தான் சுற்றுவார்கள்.

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவில் இருந்தோம். செங்குத்துப் பாறைக்கு எதிரே நின்று, எங்கள் தலைக்கு நேர் மேலே கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் காபி குடிக்கப் போன இடத்தில் தொலைக்காட்சியைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ் மறுநாள் அவசரநிலை அறிவிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிட அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டது வேறொரு செய்தியை. காசெரெஸ் நகருக்கு மேற்கே அர்ரோயோ தே லா லூஸ் என்று ஓர் ஊர், ஏறக்குறைய 6,000 பேர். தொற்று பரவிவிட்டது என்று நாடு அடைபடும் முன்பே அந்த ஊரைத் தனியாக அடைத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் நாங்கள் அந்த வழியாகத்தான் வந்திருந்தோம்.

என் மனைவி 30 வருடம் செவிலியராக இருந்தவர். வண்டிக்குத் திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார்: "என்னங்க, தண்ணி இருக்கற இடமா, கேட்டு போட்ட இடமா பாருங்க. இன்னிக்கே போயிடணும்." எனக்கு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. இரண்டு நாள் விடாமல் ஓட்டினால் பிரான்ஸ் எல்லையைத் தாண்டிவிடலாம். அவர் சொன்ன கணக்கு வேறு. போகிற வழியில் டீசல் போட, தண்ணீர் பிடிக்க, கழிவு கொட்ட, சாப்பாடு வாங்க என்று பத்து இடத்தில் நிற்போம். பத்து இடத்தில் நோயை வாங்கலாம், அல்லது கொடுக்கலாம். எங்கள் இருவருக்கும் வயது இருக்கிறது, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆபத்து அந்த ஓரிடத்தோடு நிற்கும்.

அன்று மாலையே கிழக்கே கிளம்பி லா வேராவுக்குப் போய்ச் சேர்ந்தோம். க்ரேதோஸ் மலையின் தெற்குச் சரிவில் வரிசையாக ஊர்கள். மலை உச்சியில் பனி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காட்டாறு, பாறைகளுக்கு நடுவே குதித்து இறங்கும். பிப்ரவரியில் அங்கே, இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கென்று இருக்கும் ஒரு சின்ன முகாமில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். அதை நடத்தும் தம்பதிக்கு எங்களைத் தெரியும். இருட்டில் போய் நின்றதும் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

ஆறு நாள் கழித்து, மார்ச் 19 தேதியிட்ட அரசாணை வந்தது. நாடு முழுக்க ஓட்டல்கள், முகாம்கள் எல்லாம் ஒரு வாரத்துக்குள் மூட வேண்டும். ஆனால் நீண்ட நாள் தங்கியிருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அவர்களை வைத்துக்கொள்ளலாம், புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. நாங்கள் உள்ளே இருந்தோம். எங்களோடு டச்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள், இன்னும் இரண்டு ஆங்கிலேயத் தம்பதிகள் என்று மொத்தம் 11 வண்டிகள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தாமதித்து வந்திருந்தால் கேட்டுக்கு வெளியே நின்றிருப்போம். இந்த ஒரு விஷயத்தை உங்கள் அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்: செய்தி கெட்டதாக மாறும்போது முடிவு எடுக்கக் கிடைப்பது ஒரு சாயங்காலம்தான்.

அப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், சின்னச் சின்ன வேலைகளில் போயின. உணவு, மருந்து வாங்க மட்டும் வெளியே போகலாம், அதுவும் ஒருவர் மட்டும். வாரத்துக்கு ஒருமுறை நான் முதுகுப்பையோடு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் இருக்கும் கடைக்குப் போவேன். குவார்டியா சிவில் காவலர்கள் இரண்டு முறை நிறுத்தினார்கள். கடை ரசீதைக் கேட்டார்கள், பார்த்துவிட்டு அனுப்பினார்கள். விதியை மீறினால் அபராதம் 601 யூரோவில் ஆரம்பித்தது. அந்த வீட்டடைப்பே சட்டப்படி செல்லாது என்று 2021 ஜூலையில் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அன்றைக்கு அந்த ரசீதுதான் எனக்குக் கடவுச்சீட்டு.

ஊர்க்காரர்கள் முதலில் எங்களை விரும்பவில்லை. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். லா வேரா தலைநகர் மத்ரீதிலிருந்து (மாட்ரிட்) சுமார் 200 கிலோமீட்டர். அங்கே பணக்காரர்களுக்கு வார இறுதி வீடுகள் உண்டு. நோய் மத்ரீதில்தான் மோசமாக இருந்தது. அடைப்புக்கு முந்தைய இரவுகளில் தலைநகரத்துக் கார்கள் மலையேறி வந்ததை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியூர் எண் தகடு என்றாலே முகம் சுருங்கிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஊரில் பாதிப்பேருக்கு மேல் என் வயதுக்காரர்கள், இல்லை என்னைவிட மூத்தவர்கள். ஊரில் இருந்தது வாரத்தில் சில நாட்கள் மருத்துவர் வந்துபோகிற ஒரு அறை மட்டுமே. பெரிய மருத்துவமனை பல கிலோமீட்டர் தள்ளி.

மார்ச் கடைசியில் ஒரு மாலை, டிராக்டர் சத்தம் கேட்டு முகாம் வாசலுக்குப் போனோம். பழத்தோட்டத்துக்கு மருந்தடிக்கிற டிராக்டர்கள் மூன்று, ஒன்றன் பின் ஒன்றாக. தொட்டியில் பூச்சிமருந்துக்குப் பதில் ப்ளீச்சிங் கலந்த தண்ணீர். சுவரோரம், கதவுப்படி, ஊர்க் குழாயடி, பெஞ்சு என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புகைபோலத் தெளித்துக்கொண்டே போனார்கள். கடைசி டிராக்டரை ஓட்டியவர் எங்கள் முகாமின் வாசலிலும் நிறுத்தி, கேட்டின் கம்பிகளுக்கு மேலும் கீழுமாக நிதானமாக அடித்துவிட்டு, கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு நாளைக்கு அந்த நெடி போகவில்லை. தெருவில் மருந்தடிப்பதால் நோய் நிற்காது என்று மனைவி அன்றே சொன்னார். ஆனாலும் கேட்டை விட்டுவிடாமல் அடித்தாரே, எங்களையும் ஊருக்குள் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள் என்று அவர் கண் கலங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

காலை 11 மணிக்கு ரொட்டி வண்டி வரும். வெள்ளை வேன், மூன்று முறை ஹார்ன். ஸ்பெயினின் பல சின்ன ஊர்களில் கடை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ரொட்டி வண்டி, மீன் வண்டி, பழ வண்டி, சிலிண்டர் லாரி என்று எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு வாசலுக்கு வரும். அடைப்பிலும் அவை நிற்கவில்லை. ரொட்டிக்காரப் பெண்மணி காசை வாங்க மறுத்தார். நாணயத்தில் நோய் ஒட்டும் என்று அப்போது எல்லோருக்கும் பயம். அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கங்களில் ஊர் வீடுகளின் பெயர்கள், கடைசிப் பக்கத்தில் முகாம். எங்கள் வரியில் "ஆங்கிலேயர்கள்" என்று எழுதியிருந்தார். பிரிட்டன் எண் தகட்டைப் பார்த்து வைத்த பெயர். மே மாதம் மனைவி தன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். நான்கு தடவை சொல்லிப் பார்த்து, அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டார். ஜூனில் கிளம்பும்போது கணக்கைத் தீர்த்தோம். மூன்று மாத ரொட்டி, ஒரு காசு கூடக் குறைய இல்லை.

சமையலைப் பற்றி உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன். பிரிட்டன் சிலிண்டரை ஸ்பெயினில் மாற்ற முடியாது. அங்கே வீட்டுக்கு வீடு இருப்பது 12.5 கிலோ ஆரஞ்சு நிற சிலிண்டர். எங்கள் வண்டியின் சிலிண்டர் அறைக்குள் அது நுழையவில்லை. முகாம்காரர் ஒன்றைக் கொடுத்தார். வெளியே கூடாரத்துணியின் கீழ் அதற்கான ரெகுலேட்டரோடு ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தோம். பிரஷர் குக்கர் இருந்ததால் எரிவாயு பாதிதான் செலவானது. துவரம்பருப்பு ஏப்ரலில் தீர்ந்துபோனது. கடையில் கிடைத்த பழுப்பு நிறப் பயறும் கொண்டைக்கடலையும் போதுமானதாக இருந்தன. மிளகாய்த்தூள் தீர்ந்தபோதுதான் ஓர் அதிர்ஷ்டம். பிமெந்தோன் என்கிற புகைமிளகாய்த்தூளுக்கு ஸ்பெயின் முழுவதும் பேர் போன வட்டாரம் லா வேராதான். இலையுதிர்காலத்தில் பழுத்த மிளகாயைப் பரணில் பரப்பி, அடியில் ஓக் விறகைப் புகையவிட்டு, கையால் புரட்டிப் புரட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் உலர்த்துவார்கள். இனிப்பு, இனிப்பும் காரமும் கலந்தது, காரம் என மூன்று வகை. காரமானதைப் போட்டு மனைவி வைத்த குழம்பில் விறகடுப்பு வாசம் அடித்தது. பக்கத்து வண்டி டச்சுக்காரர் கிண்ணத்தோடு இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிகிற மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். முகாம்காரர் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, என்னிடம் கொடுத்தார். மருத்துவர் மூன்றே கேள்விதான் கேட்டார்: மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஐரோப்பிய சுகாதார அட்டையின் எண். பெட்டி மேல் இருந்த நிறுவனப் பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. அம்லோடிபின், 5 என்றதும் முடிந்தது. மறுநாள் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டேன். பெற்றோர் இருவரின் மருந்துகளையும் பொதுப்பெயரில் ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் ஒட்டிவிடுங்கள். இந்தப் பதிலில் இருந்து ஒன்றே ஒன்று செய்வதென்றால் அதைச் செய்யுங்கள்.

இரவு 8 மணிக்கு ஸ்பெயின் முழுவதும் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். எங்கள் முகாமிலும் 11 வண்டிகளின் கதவுகள் திறக்கும். மனைவி மட்டும் தட்ட மாட்டார், அவருக்காகத்தான் தட்டுகிறோம் என்று மற்றவர்கள் அவர் பக்கம் திரும்பி நின்று தட்டுவார்கள்.

மே 2-ஆம் தேதி நடக்க அனுமதி வந்தது. நகரங்களில் வயதுக்கு ஒரு நேரம் என்று பிரித்திருந்தார்கள். 5,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அந்த நேரக் கட்டுப்பாடு இல்லை. ஏழு வாரம் கழித்து அன்று காலை ஓக் மரங்களுக்கு நடுவே நடந்தோம். நாங்கள் பார்க்காதபோது இலை விட்டிருந்தன. அந்தப் பக்கத்தில்தான் யூஸ்தே மடாலயம் இருக்கிறது. உலகின் பாதியை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் பேரரசர் பதவியை எல்லாம் துறந்துவிட்டு, 1557 பிப்ரவரியில் ஓய்வுக்காக வந்து தங்கிய இடம். கீல்வாதத்தால் நடக்க முடியாதவர், நல்ல காற்றும் அமைதியும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வந்தார். ஒன்றரை வருடம்தான் இருந்தார். 1558 செப்டம்பரில், 58 வயதில், மலேரியாவில் இறந்தார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவருடைய விரல் நுனியை இந்த நூற்றாண்டில் ஆராய்ந்து மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மடாலயம் பூட்டியிருந்தது. சுவரோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். இதைப் படிக்கிற உங்கள் அப்பா ஒருநாள் உள்ளே போய்ப் பார்க்கட்டும்.

மே 11-ல் இருந்து படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஜூன் 21-ஆம் தேதி அவசரநிலை முடிந்தது. அந்த வாரமே வடக்கே கிளம்பினோம். உங்கள் பயம் இருக்க வேண்டிய இடம் எது என்று எனக்குப் புரிந்தது இந்தக் கட்டத்தில்தான்.

சோரியா மாகாணம் ஐரோப்பாவிலேயே ஆள் குறைந்த பகுதிகளில் ஒன்று. சதுர கிலோமீட்டருக்கு 10 பேர் கூட இல்லை. இப்படி ஆள் போய்விட்ட உள்நாட்டை ஸ்பெயினில் "காலியாக்கப்பட்ட ஸ்பெயின்" என்றே சொல்கிறார்கள். 2019 மார்ச் 31 அன்று அந்த ஊர்க்காரர்கள் மத்ரீத் தெருக்களில் திரண்டு, எங்களுக்கு மருத்துவர் வேண்டும், ரயில் வேண்டும், இணையம் வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு அது தெரியும், படித்திருந்தேன். ஆனாலும் ஜூலையில் ஒரு மாலை அப்படிப்பட்ட ஊர் ஒன்றில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிழலாக இருக்கிறதே என்று வண்டியை நிறுத்திவிட்டேன். நிறுத்தக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. சட்டப்படி தவறில்லை. இருட்டும் நேரத்தில் ஒரு முதியவர் ஊன்றுகோலோடு வந்து ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்: "ஐயா, நாங்கள் 14 பேர் இருக்கிறோம். என்னைவிடச் சின்னவர் இரண்டே பேர். எனக்கு 81. உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரவு தங்க வேண்டாம்."

கோபமே இல்லாமல் சொன்னார். என் முகம் சுட்டது. நாங்கள் நோய் நம்மைத் தொட்டுவிடக் கூடாது என்றுதான் மூன்று மாதமும் எண்ணிக்கொண்டிருந்தோம். அவருக்கு நாங்கள்தான் நோய். அந்த ஊருக்கு ஒரு தொற்று வந்தால் ஊரே இருக்காது. 14 பேரில் 5 பேர் போனால் மீதிப் பேர் நகரத்துக்குப் பிள்ளைகளிடம் போய்விடுவார்கள், கதவுகள் மூடிவிடும். உடனே கிளம்பிவிட்டோம், தண்ணீர் கூடப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவர் அங்கேயே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போனால் பாதுகாப்பு என்று பலர் எழுதுவதை நம்பாதீர்கள். பயணிக்கு அது பாதுகாப்பு. அந்த ஊருக்கு அது ஆபத்து. கொள்ளைநோய்க் காலத்தில் வண்டியில் இருக்கிறவர்கள் போக வேண்டியது வருகிறவர்களுக்கென்று ஏற்பாடு செய்து வைத்திருக்கும் முகாமுக்கோ, நகராட்சி ஒதுக்கிய நிறுத்தத்துக்கோதான். அங்கே நம்மை எதிர்பார்க்கிறார்கள், நம் கழிவுக்கு வழி வைத்திருக்கிறார்கள், நாம் யார் என்று பதிவு இருக்கிறது. நாளைக்கே ஒரு நோய் வந்தாலும் இதைத்தான் செய்வேன்.

ஜூலை 25 இரவு பிரிட்டன் அரசு திடீரென்று அறிவித்தது: ஸ்பெயினிலிருந்து வருகிற எல்லோரும் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும். விடிந்தால் அமலுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அவசரம் இல்லை. செப்டம்பரில் சான்டாண்டரில் கப்பல் ஏறி, வீட்டில் 14 நாள் அடைந்து கிடந்தோம். அக்டோபர் 25-ல் ஸ்பெயினில் இரண்டாவது அவசரநிலை வந்தது. இரவு ஊரடங்கு, மாநில எல்லைகளை மூடுவது என்று 2021 மே 9 வரை நீடித்தது. அந்தக் குளிர்காலம் போகவில்லை. இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டு 2021 அக்டோபரில்தான் திரும்பப் போனோம்.

இப்போது போகிறவர்களுக்கு 2020-ல் எங்களுக்கு இருந்த ஒரு வசதி கிடையாது. பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2021 ஜனவரி 1 முதல் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லையைத் திறந்து வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில், இருக்க முடியாது. ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் எல்லாம் ஒரே கணக்கு. 2025 அக்டோபரில் இருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள், நாட்களை அதுவே எண்ணிவிடும். குளிர்காலம் முழுவதும் என்று அவர்கள் சொல்வது அக்டோபரில் இருந்து மார்ச் வரை என்றால் அது நடக்காது. இன்னொரு தொற்று வந்து சரியாக 85-ஆவது நாளில் அடைத்துவிட்டால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். அதனால் 90 நாளையும் திட்டமிட்டுத் தீர்க்காமல் பத்துப் பதினைந்து நாள் கையிருப்பு வைக்கச் சொல்லுங்கள்.

வண்டி வாங்கும்போது மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்கட்டும். அப்பா 70-ஐத் தொடும்போது பிரிட்டனில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதைவிடக் கனமான வண்டி என்றால் மருத்துவப் பரிசோதனை வேறு. பயணக் காப்பீட்டில் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: வெளியுறவு அமைச்சகம் போகாதே என்று சொன்ன நாட்டுக்குப் போனால் பல காப்பீடுகள் செல்லாமல் போகும். ஏற்கெனவே அங்கே இருக்கும்போது அப்படி அறிவித்தால் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுகாதார அட்டை அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும், நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவருகிற செலவுக்கு உதவாது.

நிறுத்துவதில் ஸ்பெயின் சட்டம் ஒரு வித்தியாசம் பார்க்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தூங்குவது வேறு, முகாமிடுவது வேறு. சக்கரங்கள் மட்டும் தரையில் இருக்க வேண்டும், வண்டியின் அளவுக்கு வெளியே எதுவும் நீளக் கூடாது, ஒரு சொட்டு கழிவுநீரும் வடியக் கூடாது. நாற்காலியை எடுத்து வெளியே போட்டாலோ, துணிப்பந்தலை விரித்தாலோ அது முகாம், அபராதம் உண்டு. இதற்கு மேல் ஒவ்வொரு ஊருக்கும் தனி விதி இருக்கலாம். காலையில் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், இங்கே ஓர் இரவு நிற்கலாமா என்று கேட்டுவிட்டால் போதும். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் சரி என்றுதான் சொன்னார்கள். குழாய் எங்கே என்று அவர்களே காட்டினார்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது இது. ஜனவரி 20 வாக்கில் சான்டாண்டரில் இறங்கட்டும். நேராகத் தெற்கே போய் ஒரு சின்ன முகாமில் இரண்டு வாரம் அசையாமல் இருக்கட்டும். கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், ரொட்டி வண்டி என்று எல்லோருக்கும் முகம் தெரியட்டும். அதன் பிறகு எங்கே சுற்றினாலும் ஒரு நாள் ஓட்டத்தில் அங்கே திரும்பி வருகிற தூரத்திலேயே சுற்றட்டும். அது லா வேராவாக இருந்தால் மலைக்கு அந்தப் பக்கம் ஹெர்தே பள்ளத்தாக்கு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செர்ரி மரங்கள், மார்ச் இரண்டாம் பாதியில் பூக்கும். 2020-ல் ஒரே ஒரு மலை குறுக்கே இருந்தும் எங்களால் போக முடியவில்லை. யாருமே பார்க்காமல் பூத்து உதிர்ந்தன. 2022-ல் போய்ப் பார்த்தோம். பூ அடிவாரத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கீழே சாலையில் இதழ் உதிர்ந்து கிடக்கும்போது மேலே மொட்டு அவிழ்ந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஏப்ரல் முதல் நாட்களில் கிளம்பினாலும் 90 நாள் முடியப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்போதே கப்பலில் இருப்பார்கள்.